அரசு மருந்து வழங்கல்: கிடங்கு நன்று, கவுண்டர் சுமார்

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டது. டெண்டர் விட்டு ஜெனரிக் பெயரில் (கம்பெனி பிராண்ட் இல்லாமல், மருந்தின் சொந்தப் பெயரில்) அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை மொத்தமாக வாங்குகிறது. வந்த மருந்து மாவட்டக் கிடங்கில் தனியாக நிற்கும். ஒவ்வொரு பேட்ச்சின் மாதிரியும் ஆய்வகத்தில் தேறிய பிறகுதான் வெளியே போகும். மாத்திரை அட்டையிலேயே 'விற்பனைக்கு அல்ல' என்ற அச்சு இருப்பதால், கடைக்குக் கடத்துவது கடினம். இந்த ஏற்பாட்டைத் தாராளமாகப் பாராட்டலாம்.

கோளாறு பெரும்பாலும் மருத்துவமனைப் பக்கம்தான். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கீட்டுத் தொகையோடு ஒரு பாஸ்புக் உண்டு. அதில் கேட்டால்தான் சரக்கு வரும். இருப்பு கரைவதற்கு முன்பே இன்டென்ட் (கிடங்குக்கு அனுப்பும் மருந்துக் கோரிக்கை) போடாவிட்டால் கிடங்கில் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் குவிந்திருந்தாலும் கவுண்டரில் "ஸ்டாக் இல்லை"தான். சர்க்கரை நோயாளிக்கு 30 நாள் மாத்திரைக்குப் பதில் பத்து நாளுக்குக் கொடுத்து அனுப்புவது கொடுமை. தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம்.

மருந்து இல்லையென்றால் ஓ.பி. சீட்டிலேயே அப்படி எழுதித் தரச் சொல்லுங்கள். தேதி, மருந்தின் பெயர், மில்லிகிராம் மூன்றும் இருக்கட்டும். 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் தகவல் உரிமை மனு: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த மருந்தின் இருப்புப் பதிவேடு, இன்டென்ட் நகல், உள்ளூர்க் கொள்முதல் பில் ஆகியவற்றை மாதம் குறிப்பிட்டுக் கேளுங்கள். "ஏன் இல்லை?" என்று கேட்டால் மழுப்புவார்கள், ஆவணத்தைக் கேட்டால் மழுப்ப இடமில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.