பைலட் ஸ்போர்ட் 4எஸ்-ஆ, கப் 2-ஆ?

இரண்டுமே மிஷெலின் கார் டயர்கள், இரண்டையும் சாலையில் ஓட்டலாம். ஆனால் குணம் வேறு. கப் 2-வின் வெளிப்பக்க விளிம்பைப் பாருங்கள்: பள்ளங்கள் மிகக் குறைவு, கிட்டத்தட்ட வழவழவென்று இருக்கும். ரப்பர் சூடேறியதும் வளைவில் பிசின்போல ஒட்டும். சூடேறாத காலை நேரத்தில் அந்தப் பிடிப்பை எதிர்பார்க்காதீர்கள். நீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போனால் மிதக்கத் தொடங்கிவிடும்.

4எஸ்-இல் நீர் வெளியேற அகலமான நேர்ப்பள்ளங்கள் உண்டு. தேய்மான எண் 300 (எண் கூடினால் டயர் மெதுவாகத் தேயும்). கப் 2-க்கு அதைவிடக் குறைவு, சீக்கிரம் தேயும். இரைச்சலும் 4எஸ்-இல்தான் குறைவு.

பந்தய டிராக்குக்கு அடிக்கடி போகிறவர் கப் 2 வாங்கட்டும். நான் 4எஸ் பக்கம். அப்புறம், போர்ஷே கார் என்றால் டயரின் பக்கச்சுவரில் 'என்' (N) குறி, அதாவது போர்ஷே அங்கீகரித்த டயர் என்ற அடையாளம், இருக்கிறதா பாருங்கள். முன்னால் ஒரு ரகம், பின்னால் ஒரு ரகம் வேண்டவே வேண்டாம்.