பழந்தமிழ் நூல் படிக்க: மதுரைத் திட்டமா, மின்னூலகமா?

சங்கப் பாடல்களைக் கைப்பேசியில் படிக்க விரும்புவோருக்கு இரண்டு நல்ல வழிகள் உள்ளன. இரண்டுமே இலவசம்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்த நூல்கள் கிடைக்கின்றன. ஒரு நூலைத் திறந்து 'நொச்சி' என்று தேடினால், அச்சொல் வரும் வரிகளெல்லாம் நொடியில் அகப்பட்டுவிடும். எழுத்தைப் பெரிதாக்கலாம். பார்வையற்றோர் திரைவாசிப்பான் வழியே கேட்கவும் முடியும். என் கணக்கில் இதுவே இதன் ஆகப்பெரிய கொடை.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பெரும்பாலும் இருப்பவை பழைய அச்சுப் பக்கங்களின் படங்கள். கோப்பு கனமானது, சொல் தேடுவதும் கடினம். ஆனால் பதிப்பாசிரியரின் முகவுரை, எந்த ஓலைச்சுவடியில் எந்தப் பாடம் (சொல் வடிவம்) இருந்தது என்று சொல்லும் அடிக்குறிப்பு, சில நூல்களில் அணாக் கணக்கில் போட்ட விலை என எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒரு பாடலுக்குப் பின்னால் இருந்த உழைப்பை அந்தப் பக்கங்களில்தான் உணர முடிகிறது.

படித்துச் சுவைக்கவும் தேடவும் மதுரைத் திட்டமே போதும். கட்டுரையில் மேற்கோள் காட்டும் மாணவர்கள் மட்டும் மின்னூலகப் பக்கத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். தட்டச்சில் ஓர் ஒற்று விடுபட்டாலும் பொருள் மாறிவிடக்கூடும்.