அளவையியல் படிப்பிக்கிறவர்கள் வாங்க வேண்டிய புத்தகம்: டங்கன் பிரிச்சர்ட்டின் ‘வாட் இஸ் திஸ் திங் கோல்ட் நொலெஜ்?’

களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிப்பிக்கிறேன். இதுவரை கண்டதை வைத்து இனி வருவதை நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்ற, மெய்யியலாளர் ஹியூமின் தொகுத்தறிவுப் பிரச்சினையை விளங்கப்படுத்திய ஒரு நாள், பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழும்பி, “டீச்சர், அப்ப நமக்கு ஒண்டுமே நிச்சயமாத் தெரியாதா?” என்று கேட்டாள். முகத்தில் உண்மையான பயம். அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. பாடக் குறிப்புகளிலும் வினாத்தாள் தொகுப்புகளிலும் அதற்கு விடை கிடையாது.

அதற்கு எனக்கு உதவியது, அறிவு என்றால் என்ன என்று தொடக்க வாசகருக்குச் சொல்லும் பிரிச்சர்ட்டின் இந்தப் புத்தகம். எழுதியவரை அதற்கு முன்பே ஓரளவு அறிவேன். 2013இல் எடின்பரோப் பல்கலைக்கழகம் மெய்யியல் அறிமுகம் ஒன்றை இணையத்தில் இலவசமாக நடத்தியது. அதில் ‘அறிவு என்றால் என்ன, அது நம்மிடம் இருக்கிறதா’ என்ற பகுதியைப் படிப்பித்தவர் இவர்தான். டொங்கிளில் டேட்டா முடிய முடிய ரீலோட் போட்டு அந்தக் காணொளிகளைப் பார்த்தேன். அப்புறம் தம்பி லண்டனில் இருந்து வரும்போது புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். முதற்பதிப்பு 2006இல் வந்தது. என்னிடம் இருப்பது 2018இல் வந்த நான்காம் பதிப்பு.

பிரிச்சர்ட் சென் அன்ட்ரூஸில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஸ்டேர்லிங்கில் படிப்பித்து, 2007இல் எடின்பரோவில் அறிவாராய்ச்சியியல் (அறிவு பற்றிய மெய்யியல்) பேராசிரியரானவர். பின்னர் கலிபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இடையில், அந்த இணையப் பாடங்களைக் கொண்டு ஸ்கொட்லாந்துச் சிறைச்சாலைகளில் மெய்யியல் வகுப்பு நடத்தும் திட்டத்தையும் முன்னின்று செய்தார். ஒன்றும் தெரியாதவருக்கும் சொல்ல முடியும் என்று நம்புகிற ஆள். புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அது தெரிகிறது.

அவருடைய ஆய்வு வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி அதிர்ஷ்டம் பற்றியது. ஒன்று உண்மை என்று நம்புகிறோம், அது உண்மையாகவும் இருக்கிறது, நம்பக் காரணமும் இருக்கிறது. இது போதுமா? போதாது என்று 1963இல் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கக் கட்டுரையில் காட்டினார். நின்றுபோன மணிக்கூட்டு உதாரணத்தைக் கொண்டு பிரிச்சர்ட் அதை விளக்குகிறார். நான் அதைக் கொஞ்சம் மாற்றி வகுப்பில் சொன்னேன். வீட்டு மணிக்கூடு இரவு 7.20க்கு நின்றுவிட்டது. அது தெரியாமல் காலையில் ஒரு பிள்ளை அதைப் பார்க்கிறாள், அப்போது நேரம் சரியாக 7.20. அவளுக்கு நேரம் தெரிந்ததா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது. கடைசியில் கல்லாற்றுப் பையன் ஒருவன், “அது குருட்டாம்போக்கில சரியாப்போன கதை டீச்சர், தெரிஞ்ச கதை இல்லை” என்றான். பிரிச்சர்ட் 2005இல் ஒரு முழு நூலில் வாதிட்டதன் மையம் அதுதான். எளிதாகப் பிழையாகிப் போயிருக்கக்கூடிய நம்பிக்கை, உண்மையாக அமைந்தாலும் அறிவு ஆகாது. ‘குருட்டாம்போக்கு’ என்ற சொல் நம்மிடம் இருக்க, நான் இத்தனை வருஷம் ‘தற்செயல்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அத்தியாயங்கள் சின்னவை. ஒவ்வொன்றின் முடிவிலும் சுருக்கமும் வினாக்களும் உண்டு, புத்தகக் கடைசியில் கலைச்சொல் விளக்கமும் உண்டு. தொகுத்தறிவுக்கு அவர் தருவது ஈமு உதாரணம்: இதுவரை பார்த்த ஈமுக்கள் எதுவும் பறக்கவில்லை, ஆகவே ஈமுக்கள் பறக்கா. நம் பிள்ளைகள் ஈமுவை எங்கே கண்டார்கள்? நான் மீன் பாடும் என்று சொல்கிற மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்துக்குக் கீழே உதாரணம் தேடிப் போனேன். சின்ன வயதில் அப்பா ஒரு நிலா இரவில் தோணியில் கூட்டிப்போய், துடுப்பை வாவித் தண்ணீருக்குள் விட்டு அதன் பிடியில் காதை வைக்கச் சொன்னார். ஒரு ஓசை கேட்டது. அது எனக்குத் தெரியும். அதைப் பாடியது மீன்தான் என்பதும் எனக்குத் தெரியுமா, அல்லது அப்பாவின் சொல்லை ஏற்றுக்கொண்டேனா? புலன்காட்சி அத்தியாயத்தையும் பிறர் சொல் பற்றிய அத்தியாயத்தையும் இந்த ஒரு உதாரணத்தை வைத்தே படிப்பிக்கலாம்.

பிறர் சொல் பற்றிய அத்தியாயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஹியூம் வழி நின்றால், ஒருவர் சொல்வதை ஏற்க நமக்கென்று வேறு ஆதாரம் வேண்டும். தோமஸ் ரீட் வழி நின்றால், சந்தேகிக்கக் காரணம் இல்லாத வரையில் நம்பலாம். இதை வாசித்தபோது 2012 ஏப்ரல் 11 ஞாபகம் வந்தது. சுமாத்திராவில் பெரிய பூகம்பம், சுனாமி எச்சரிக்கை. அயல்வீட்டு அக்கா வந்து “கடல் வரப்போகுதாம்” என்றதும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு பட்டிருப்புப் பாலம் தாண்டி, வாவியின் மறுகரையான படுவான்கரைக்கு ஓடினோம். கடல் வரவில்லை. எங்கள் நம்பிக்கை பொய்யானது, ஆகவே அது அறிவு இல்லை. ஆனால் ஓடியது பகுத்தறிவுக்குப் பொருந்தாத செயலா? 2004ஐக் கண்ட எவரும் அப்படிச் சொல்லமாட்டார். அறிவு வேறு, நியாயமான நம்பிக்கை வேறு என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்லிக்கொடுக்க முடியாது.

குறை என்று சொன்னால், புத்தகம் போகும் பாதை பிளேட்டோ, டேக்கார்ட், ஹியூம், மூர் என்று மேற்கிலேயே கிடக்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் வரும் அளவையை, அதாவது அறியும் வழிகளை, நாம்தான் பக்கத்தில் வைத்துப் படிப்பிக்க வேண்டும். காண்டல் (நேரே காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (சொல்). ஐயமும் திரிபும் இல்லாத காட்சிதான் காட்சி என்று அங்கே வரையறை இருக்கிறது. தூரத்தில் தெரிவது மரக்குற்றியோ மனிதனோ என்று தடுமாறுவது ஐயம், பழுதைக் கயிற்றைப் பாம்பென்று காண்பது திரிபு. ‘உரை’ அங்கே முதலில் ஆகமத்தைக் குறிக்கும், அதனால் அதை அயல்வீட்டு அக்காவின் சொல்லுக்கு நேராக வைத்துவிடக் கூடாது. அந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுப்பதே ஒரு நல்ல பாடம்.

ஐயவாதத்தை, அதாவது நமக்கு எதுவும் தெரியாது என்ற வாதத்தைப் பற்றிய அத்தியாயத்தில் அவர் தன் சொந்தக் கருத்தை அழுத்தாமல் எல்லாப் பக்கத்தையும் காட்டுகிறார். மாணவர் நூலுக்கு அது சரி. எனக்கு மட்டும் அது போதவில்லை. ஐயவாதம் பற்றி அவர் பின்னர் எழுதிய பெரிய நூலில், அது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு என்று பிரிக்கிறார். ஒன்றுக்கு விடை தேடி மெய்யியலாளர் விட்கென்ஸ்டைனிடம் போகிறார். சந்தேகிப்பதற்கே சில விஷயங்கள் அசையாமல் நிற்க வேண்டும், கதவு திரும்பப் பிணைச்சல் நிற்பதுபோல. விட்கென்ஸ்டைன் 1951இல் இறப்பதற்கு இரண்டு நாள் முன்புவரை எழுதிய குறிப்புகளில் இருக்கும் எண்ணம் அது. பயந்துபோய்க் கேட்ட அந்தப் பிள்ளைக்கு நான் இப்போது சொல்வது இந்தப் பிணைச்சல் கதையைத்தான்: “எல்லாத்தையும் ஒரே நேரத்தில சந்தேகிக்க ஏலாது மகள், சந்தேகப்படுறதுக்கும் நிக்க ஒரு இடம் வேணும்.”

ஆங்கிலம் எளிது, ஆனாலும் உயர்தரப் பிள்ளையிடம் நேரே கொடுக்க முடியாது. ஆசிரியர்களும், பல்கலைக்கழகத்தில் மெய்யியல் முதல் வருஷம் படிப்பவர்களும் வாங்கலாம். புதுப் பிரதி நம் சம்பளத்துக்கு விலை கூடத்தான், பழைய பதிப்பு கிடைத்தாலும் விடாதீர்கள். முதல் மூன்று அத்தியாயங்களையும் வரிசையாகப் படித்துவிட்டு, நேரே பிறர் சொல் பற்றிய பகுதிக்குப் போங்கள். ஐயவாதத்தைக் கடைசிக்கு வையுங்கள்.