₹31,500 போய்விட்டது: டெலஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கை இன்னும் நடுங்குகிறது, முன்பின்னாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தோராயிரத்து ஐநூறு ரூபாய். என் மனைவி இருபது மாதம் கட்டி எடுத்த சீட்டுப் பணம். அதைக் கொடுத்து டெலஸ்கோப் வாங்கி மூன்று வாரம் ஆகிறது, வந்தது நான் கேட்ட பொருளே இல்லை என்பது நேற்று ராத்திரிதான் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

எனக்கு இரட்டை விண்மீன்கள் மேல்தான் ஆசை, வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து டெலஸ்கோப்பில் இரண்டாகப் பிரிபவை. நெபுலா, கேலக்ஸி எல்லாம் ஊர் வெளிச்சத்தில் கரைந்துபோகும், இரட்டைகள் அப்படியில்லை, கடலூரில் தெருவிளக்குகளுக்கு நடுவே மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம், ஆடியும் லென்ஸும் மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஐந்து வருடம் ஒரு 10×50 பைனாகுலரோடு ஓட்டினேன். அருந்ததியும் வசிஷ்டரும் வெறும் கண்ணுக்கே தனித்தனியாகத் தெரிவார்கள். ஆனால் வசிஷ்டரே இரண்டு விண்மீன், இடைவெளி 14 விகலை (ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு விகலை), அதைப் பிரித்துப் பார்க்க டெலஸ்கோப் வேண்டும். கன்னி ராசியில் போரிமா இருக்கிறது, ஒன்றையொன்று சுற்றிவர 169 வருடம் எடுத்துக்கொள்ளும் ஜோடி. 2005ல் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நின்றவை இப்போது சுமார் மூன்றரை விகலைக்கு விலகி வந்திருக்கின்றன. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். 150 மி.மீ. ஆடி கணக்குப்படி 0.8 விகலை வரை பிரிக்கும், போரிமா அதற்கு ஒன்றுமே இல்லை.

வாங்கியது டெலஸ்கோப், பைனாகுலர், மைக்ராஸ்கோப் விற்கும் ஓர் இணையக் கடையில். புகார் கொடுத்திருப்பதால் பெயர் வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொன்னார். 150 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத் தூரம், பரவளைய ஆடி என்று போட்டிருந்தார்கள். குவியத் தூரம் என்பது ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம், பரவளைய ஆடி என்பது விண்மீன் ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்கும் வளைவுள்ள ஆடி. போனில் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் பேசினார் அந்த மனிதர். "சார் கடலூரா? அப்போ பாண்டிச்சேரி பக்கம்தானே. ஆல்ஃபா சென்டாரி ரெட்டை நட்சத்திரம்னு 1689ல பாண்டிச்சேரில வெச்சுத்தான் சார் பார்த்தாங்க, ரிஷோ பாதிரியார், வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ." அது உண்மை, எனக்கும் முன்பே தெரியும். ஆனால் என்னைச் சுற்றி இதைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடையாது. ஒரு கடைக்காரர் வாயிலிருந்து அது வந்ததும் நான் கரைந்துபோய்விட்டேன். ஆடி பரவளையம்தானா என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். "நூத்துக்கு நூறு சார், நானே செக் பண்ணி அனுப்புறேன்" என்றார். போனை வைத்த கையோடு மொத்தத் தொகையையும் யூபிஐயில் அனுப்பினேன், ₹31,500, ஒரே தடவையில்.

பெட்டி வந்த அன்றே தெரிந்திருக்க வேண்டும். 1200 மி.மீ. குவியத் தூரமுள்ள நியூட்டோனியன் (டியூபின் அடியில் ஆடி வைத்த டெலஸ்கோப்) என்றால் டியூப் ஏறக்குறைய நான்கடி இருக்கும். வந்த பெட்டியே மூன்றடி இல்லை. கேட்டதற்கு "புது மாடல் சார், காம்பாக்ட்" என்றார். நம்பினேன். அன்று ராத்திரி வசிஷ்டர் இரண்டாகத் தெரிந்தது வேறு என் வாயை அடைத்துவிட்டது, 14 விகலையை எந்த டெலஸ்கோப்பும் பிரித்துவிடும் என்பது அந்தச் சந்தோஷத்தில் உறைக்கவில்லை. கல்யாணத்தில் அருந்ததி என்று கை காட்டிய திசையில் எதுவும் பார்க்கவில்லை, இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று மனைவி சொன்னாள்.

அப்புறம் காஸ்டர் என்ற இரட்டை. ஐந்தரை விகலை, அது பஞ்சு உருண்டை மாதிரி தெரிந்தது. போரிமா நீளவாக்கில் ஒரு கறை, எவ்வளவு திருகினாலும் கூர்மையாகவில்லை. போன் செய்தேன். முதலில் "கொலிமேஷன் பண்ணுங்க சார்". அதாவது ஆடிகளை நேர்ப்படுத்துவது, இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். பிறகு "உங்க ஊர் கடலோரம், காத்துல ஈரம், அதான்". அடுத்து "நீங்க புதுசு சார், கண்ணு பழகணும்". ஐந்து வருடம் வானம் பார்த்தவனிடம்! கடைசியில் "சீல் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது, பில்லுக்குப் பின்னாடி பாருங்க". சீல் பிரிக்காமல் எப்படி ஐயா பார்ப்பது? அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை, வாட்ஸாப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

நேற்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன்னுடைய 80 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதே மாடி, அதே காற்று, அதே ஈரம். அவருடைய டெலஸ்கோப்பில் போரிமா இரண்டு வெள்ளைப் புள்ளிகள், நடுவில் சுத்தமான கறுப்பு இடைவெளி. என்னுடையதில் கறை. அவர் என் ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை, கழற்றிவிட்டு அது செருகியிருந்த ஃபோகஸர் குழாய்க்குள் செல்போன் டார்ச்சை அடித்தார். அடியில் ஒரு சின்ன லென்ஸ் பச்சையாக மின்னியது. "இது எதுக்கு இங்க இருக்கு தெரியுமா தம்பி?" என்றார். மலிவான கோள ஆடியைக் குட்டை டியூபில் போட்டு, குவியத் தூரத்தை நீட்டிக் காட்டவும் ஆடியின் குறையை மூடவும் வைக்கிற லென்ஸாம். அதைச் சரியாகச் செய்தால் தேறும், இதில் செய்யவில்லை. விண்மீனை ஃபோகஸுக்கு உள்ளே தள்ளினால் வளையங்கள் தெளிவாக வருகின்றன, வெளியே இழுத்தால் ஒரே மங்கல். நல்ல ஆடி என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நிலா பார்க்கிறவருக்கு இது பெரிதாகத் தெரியாமலே போகலாம். இரட்டை பார்க்க இது ஆகவே ஆகாது, அந்தக் கடைக்காரருக்கு நான் எதற்கு வாங்குகிறேன் என்று நாற்பது நிமிடம் சொல்லியிருக்கிறேன்.

முப்பத்தோராயிரத்து ஐநூறு. இன்று காலை நுகர்வோர் உதவி எண் 1915ல் பதிவு செய்தேன்.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. டியூப் நீளத்தைக் குவியத் தூரத்தோடு ஒப்பிடுங்கள், பாதிதான் இருக்கிறது, நியூட்டோனியன் என்கிறார்கள் என்றால் வேண்டாம். "பரவளைய ஆடி" என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். மொத்தப் பணத்தை முன்னாடியே கொடுக்காதீர்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பெட்டியைப் போடாதீர்கள். நான் இரண்டாம் நாளே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன், நீளம், எடை, மாடல் எண் எல்லாம் அதில்தான் அச்சாகியிருந்தது.