ஃபெட் மின்சுற்றுப் பெட்டி: எந்தப் பல்பு பிரகாசமாக எரியும்?

10 ஓம், 20 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் கொடுத்துத் தொகுபயன் கேட்டால், பத்தாம் வகுப்பு மாணவர் 6.67 ஓம் என்று சட்டெனச் சொல்லிவிடுவார். அதே இரண்டும் பல்புகளாக இருந்தால் எது பிரகாசமாக எரியும் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நின்றுவிடும். சூத்திரம் தெரிகிறது, சுற்றுக்குள் நடப்பது தெரியவில்லை. இந்தக் குறையைத் தீர்க்க இன்று கிடைக்கும் கருவிகளில் முதலில் பரிந்துரைக்க வேண்டியது, திரையிலேயே மின்சுற்று கட்டிப் பார்க்க உதவும், ஃபெட் (PhET) திட்டத்தின் ‘சர்க்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட்: டிசி’. 2001-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002-இல் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. முழுக்க இலவசம். பிரவுசரிலேயே ஓடும், தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத வகுப்பறையிலும் ஓடும்.

திறந்ததும் மின்கலம் 9 வோல்ட், பல்பு 10 ஓம் என்று இருக்கும். ஒரு பல்பை மட்டும் இணைத்தால் 0.9 ஆம்பியர். இரண்டைத் தொடராக இணைத்தால் 0.45 ஆம்பியர், அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வைத்தாலும், இரண்டுக்கும் நடுவில் வைத்தாலும், கடைசியில் வைத்தாலும் அதே 0.45 தான். ‘முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும்’ என்று நம்பும் பிள்ளைக்கு இந்த மூன்று அளவீடுகளே போதும். பிறகு ஒரு பல்பைத் தொட்டு, கீழே வரும் ஸ்லைடரில் 20 ஓம் ஆக்குங்கள். மின்னோட்டம் 0.3 ஆம்பியர், மின்னழுத்தம் 3 வோல்ட், 6 வோல்ட் என்று பிரியும், 20 ஓம் பல்புதான் பிரகாசம். அதே ஜோடியைப் பக்க இணைப்புக்கு மாற்றினால் நிலைமை தலைகீழ்: 10 ஓம் பல்பில் 8.1 வாட், 20 ஓம் பல்பில் 4.05 வாட்.

இந்தக் கருவியின் உண்மையான பலம் மூன்று பல்புச் சுற்றில்தான் தெரியும். 10 ஓம் பல்புகள் மூன்று எடுங்கள். ‘அ’ தொடரில், அதற்குப் பிறகு ‘ஆ’, ‘இ’ இரண்டும் ஒன்றுக்கொன்று பக்க இணைப்பில். மொத்தம் 15 ஓம், 0.6 ஆம்பியர். ‘அ’ 6 வோல்ட்டில் எரியும், மற்ற இரண்டும் 3 வோல்ட்டில். இப்போது ‘இ’யின் ஒரு முனையைத் தொட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ‘அ’ 4.5 வோல்ட்டுக்கு இறங்கி மங்கும். ‘ஆ’ 4.5-க்கு ஏறிப் பிரகாசமாகும். மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தள்ளுகிறது என்று நினைத்திருந்தவர்களால் ‘அ’ ஏன் மங்கியது என்று விளக்க முடியாது. வெட்டுவதற்கு முன் விடையைத் தாளில் எழுத வைப்பது முக்கியம். எழுதாமல் வேடிக்கை பார்த்தால் மனதில் எதுவும் தங்காது.

இனி குறைகள். பக்க இணைப்பில் எத்தனை பல்பு சேர்த்தாலும் திரையில் ஒன்றுகூட மங்காது, ஏனென்றால் இந்த மின்கலத்துக்கு அகமின்தடை (மின்கலத்துக்குள்ளேயே இருக்கும் மின்தடை) இல்லை. நிஜ மேசையில் அப்படி நடக்காது, மாணவர் குழம்புவார். தீர்வு உள்ளேயே இருக்கிறது: லேப் திரையில் ‘அட்வான்ஸ்டு’ பகுதியைத் திறந்து மின்கல அகமின்தடையை 2 ஓம் ஆக்குங்கள். ஒரு பல்புக்கு 7.5 வோல்ட், இரண்டு பல்புக்கு 6.43, மூன்றுக்கு 5.63 என்று இறங்குவது தெரியும். பாடத்தை முடிக்குமுன் இதைச் செய்தே ஆக வேண்டும்.

வோல்ட்மீட்டருக்கு இரண்டு ஊசிகள் மட்டுமே உண்டு; அதைத் தவறாகத் தொடரில் இணைக்கவே முடியாது. பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகள் அதிகம் செய்யும் தவறே அதுதான்: பல்பு எரியாது, வோல்ட்மீட்டர் மின்கலத்தின் முழு மின்னழுத்தத்தையும் காட்டும். அந்தப் பாடத்தை இந்தக் கருவி தராது. அம்மீட்டரை மின்கலத்தின் இரு முனைகளிலும் நேரடியாக இணைக்கும் தவறை மட்டும் தீப்பிழம்போடு காட்டிவிடும்.

திரையில் உருண்டைகளாகக் காட்டும் எலெக்ட்ரான் அசைவையும் அப்படியே நம்ப வேண்டாம். 1 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் பாயும்போது எலெக்ட்ரான்கள் நொடிக்கு 0.1 மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. திரையில் ஓடும் உருண்டைகளை ‘இங்கே அதிகம், அங்கே குறைவு’ என்று ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். பாடநூலில் உள்ள திசை வேண்டுமானால் மரபு மின்னோட்டத்துக்கு (நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு) மாற்றிக்கொள்ளலாம்.

சுற்று சரியாக இருந்தும் பல்பு எரியவில்லை என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு முனை ஒட்டவில்லை. சந்திப்பைப் பிடித்து இழுங்கள். இரண்டு கம்பிகளும் சேர்ந்து வந்தால் ஒட்டியிருக்கிறது. ஒன்று மட்டும் வந்தால் ஒட்டவில்லை. சிறிய போன் திரையில் இந்தத் தொல்லை அதிகம். டேப்லெட்டோ கணினியோ நல்லது.

தேர்வுக்குப் பயிற்சி என்றால் ‘விர்ச்சுவல் லேப்’ பதிப்பை எடுங்கள். அதில் எலெக்ட்ரான்கள் தெரியாது, கம்பிமேல் வைத்தாலே அளவு சொல்லும் அம்மீட்டரும் கிடையாது. சுற்றை வெட்டி நடுவில்தான் இணைக்க வேண்டும். அடுத்த வாரமே 1.5 வோல்ட் செல்கள் இரண்டு, ஒரே ரக 2.5 வோல்ட் டார்ச் பல்புகள் மூன்று, ஹோல்டர், கொஞ்சம் கம்பி வாங்கி அதே மூன்று பல்புச் சுற்றை மேசையில் கட்டுங்கள். டார்ச் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது மின்தடை குறைவு, சூடானால் ஏறும்; ஆகவே எண்கள் திரையோடு அச்சாகப் பொருந்தாது, 3 வோல்ட்டைப் பங்கிடும்போது ‘ஆ’, ‘இ’ இரண்டும் வெறும் செந்நிறமாக மினுங்கலாம் அல்லது எரியாததுபோலவே தெரியலாம். ‘இ’யைக் கழற்றியதும் ‘ஆ’ சட்டென்று எழுவதும், ‘அ’ இறங்குவதும் மட்டும் தப்பாது.