கோல்கீப்பரைப் பக்கத்தில் பார்க்க ஒரு மைதானம்: இவாட்டா யமஹா ஸ்டேடியம்

ஜப்பானில் கால்பந்து பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் சைத்தாமா, யோகோஹாமா என்று பெரிய மைதானங்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் கைகாட்டுவது ஷிசுவோகா மாகாணத்தில் உள்ள இவாட்டாவின் யமஹா ஸ்டேடியத்தை. ஜூபிலோ இவாட்டா கிளப்பின் சொந்த மைதானம். பதினைந்தாயிரம் பேர் உட்காரலாம், அவ்வளவுதான். சுற்றிலும் ஓட்டப்பாதை கிடையாது. கோலுக்குப் பின்னால் கீழ்வரிசையில் இடம் கிடைத்தால் கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரர்களை அதட்டுவது காதில் விழும்.

வேலை நிமித்தம் ஹமமாட்சுவில் குடியிருக்கிறேன், அங்கிருந்து ரயிலில் பக்கம்தான். கல்லூரி அணியில் கோல்கீப்பராக நின்றவன் என்பதால் எந்த ஆட்டத்திலும் என் கண் அந்த ஒரு ஆள் மேல்தான் இருக்கும். இந்த விமர்சனமும் அப்படித்தான் இருக்கும்.

நான் பார்த்தது 2024 சீசனில். பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவில் கழித்த ஜப்பான் தேசிய அணியின் முன்னாள் கோல்கீப்பர் ஐஜி கவாஷிமா நாடு திரும்பி ஜூபிலோவில் சேர்ந்திருந்தார். சீசன் தொடங்கிய சில வாரங்களில் அவருக்கு 41 வயது.

முதல் யோசனை: ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குப் போகாதீர்கள், ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் உட்காருங்கள். மற்ற வீரர்களுக்கு முன்பே கோல்கீப்பர்கள் வார்ம்-அப்புக்கு வந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் டிக்கெட் காசு அதற்கே சரியாகிவிடும். நான் போன அன்று பயிற்சியாளர் தாழ்வாக ஒரு பந்தை உதைக்கிறார், கவாஷிமா இடப்பக்கம் விழுந்து அணைக்கிறார். எழுந்து முழுசாக நிற்பதற்குள் அடுத்த பந்து வலப்பக்கம். கவனித்துப் பாருங்கள், அவர் உடனே பாய்வதில்லை. முதலில் ஒரு சின்ன எட்டு பக்கவாட்டில் வைக்கிறார், அதற்கப்புறம்தான் விழுகிறார். அந்த ஓர் எட்டில்தான் வயதை ஈடுகட்டுகிறார். டிவியில் இது தெரியவே தெரியாது, கேமரா எப்போதும் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பந்துகளை உதைத்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? யோஷிகட்சு கவாகுச்சி! 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரேசிலை ஜப்பான் 1-0 என்று வென்றபோது கோலில் நின்றவர். 2004 ஆசியக் கோப்பையில் ஜோர்டானுக்கு எதிரான பெனால்டி ஷூட்-அவுட்டைக் கை நழுவிய நிலையிலிருந்து மீட்டவர். இதே ஜூபிலோவுக்கு 2005 முதல் 2013 வரை ஆடி, பிறகு கோல்கீப்பர் பயிற்சியாளராகத் திரும்பியிருந்தார்.

இந்த இருவரையும் சேர்த்துப் பார்ப்பதில் ஒரு தனி அர்த்தம் இருக்கிறது. கவாஷிமா இளைஞராக நகோயா கிராம்பஸ் கிளப்பில் சேர்ந்தபோது அங்கே முதல் இடம் செய்கோ நராஸாகிக்கு. தேசிய அணியிலோ நராஸாகியும் கவாகுச்சியும் மாறி மாறி நின்றார்கள். வாய்ப்புக்காக கவாஷிமா கவாசாகி ஃப்ரண்டாலே கிளப்புக்குப் போனார். 2010 உலகக் கோப்பைக்குச் சற்று முன்னால் இங்கிலாந்துடன் நடந்த நட்பு ஆட்டத்தில் லாம்பார்டின் பெனால்டியைத் தடுத்தார். தென்னாப்பிரிக்காவில் நடந்த அந்த உலகக் கோப்பையில் கோலில் நின்றது அவர்தான். மூன்றாவது கோல்கீப்பராக, ஆனால் அணியின் மூத்தவராக, வெளியே உட்கார்ந்து அவருக்குத் துணை நின்றவர் கவாகுச்சி. பதினான்கு ஆண்டு கழித்து அதே இருவர் இந்தப் புல்தரையில் பந்தை உதைத்துக்கொண்டும் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

கவாஷிமாவின் ஐரோப்பிய வாழ்க்கையை வெறும் கிளப் பட்டியலாகப் படித்தால் புரியாது. பெல்ஜியத்தில் லியர்ஸ் அணிக்கு ஆடியபோது, 2011இல் எதிரணி ரசிகர்கள் அந்த ஆண்டு அணு உலை விபத்து நடந்த ஃபுகுஷிமாவைச் சொல்லிக் கத்தி அவரைப் புண்படுத்தினார்கள், ஆட்டமே நின்றது. ஸ்டாண்டர்ட் லியேஜை விட்ட பிறகு சில மாதம் கிளப்பே இல்லை. ஸ்காட்லாந்தில் டண்டீ யுனைடெட்டுக்குப் போனார், அது கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. பிரான்ஸில் மெட்ஸ் அவரை எடுத்ததே மூன்றாவது கோல்கீப்பராகத்தான், அங்கே முதல் இடத்துக்கு ஏறினார். ஸ்ட்ராஸ்பூரில் பெரும்பாலும் பெஞ்ச்தான். 2020இல் அங்கே முதல் கோல்கீப்பரான மாட்ஸ் செல்ஸுக்குக் குதிகால் தசைநார் அறுந்த பிறகு, அந்த சீசனில் இவருக்கு நிறைய ஆட்டங்கள் கிடைத்தன.

2018 உலகக் கோப்பையில் செனகலுக்கு எதிராகக் குத்திவிட்ட பந்து செனகல் வீரர் மானே மேல் பட்டு கோலானதை மட்டும் பலர் நினைவு வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆட்டத்தில் போலந்தின் தலைமுட்டலை கோல்கோட்டில் எட்டித் தடுத்ததை யாரும் சொல்வதில்லை. அந்தத் தடுப்புக்கு நிகரானதை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, மைதானத்துக்கு வருவோம். டோக்கைடோ ரயில் பாதையில் மிகுரியா ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். 2020இல் திறந்த ஸ்டேஷன், அதற்கு முன் இவாட்டாவில் இறங்கி பஸ்தான். கோலுக்குப் பின்னால் கூரை இல்லை. மழையில் குடை விரித்தால் பின்வரிசைக்கு மறைக்கும், ரெயின்கோட் கொண்டுபோங்கள். சாப்பாட்டுக் கடைகள் பரவாயில்லை. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் வீட்டிலிருந்தே எதையாவது கட்டிக்கொண்டு போவது நல்லது. ஜூபிலோ ரசிகர்கள் பகுதியில் ஆட்டம் முழுக்க நின்று பாடுவார்கள், சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் அதற்கு ஓரமாக உட்காரலாம். எதிரணி ஜெர்சி போட்டுக்கொண்டு அங்கே போகக் கூடாது.

அந்த சீசன் முடிவில் ஜூபிலோ இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. அதனால் மைதானத்தின் தரம் ஒன்றும் குறையவில்லை. பிள்ளை கோல்கீப்பிங் பழகுகிறது என்றால் கண்டிப்பாக ஒரு முறை கூட்டிப்போங்கள். மெயின் ஸ்டாண்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், அங்கிருந்து ஆட்டம் அழகாகத் தெரியும், ஆனால் கோல்கீப்பரின் கால் தெரியாது. கோலுக்குப் பின்னாலேயே வாங்குங்கள்.