டிக்கெட்டோடு வரும் பச்சை இலை: வாங்கலாமா?

விமான டிக்கெட் எடுக்கும்போது, பணம் கட்டும் பக்கத்துக்குச் சற்று முன்னால், கூடுதல் பெட்டி, பயணக் காப்பீடு, கால் நீட்ட வசதியான சீட் எல்லாம் கடந்து கீழே ஒரு சின்னக் கட்டம் வரும். பக்கத்தில் ஒரு பச்சை இலை. ‘உங்கள் பயணத்தின் கார்பனை ஈடுசெய்யுங்கள்.’ டிக் போட்டால் மொத்தத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு தொகை கூடும். அது எங்கோ காடு காக்கும் திட்டத்துக்குப் போய், விமானம் விடும் கார்பனைச் சரிக்கட்டும் என்பது கணக்கு. வேலை விஷயமாக அடிக்கடி பறக்கிறவன் என்பதால், சில விமான நிறுவனங்களில் இதை வாங்கிப் பார்த்திருக்கிறேன். சீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் விமர்சனம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இதுவும் காசு கொடுத்து வாங்கும் சரக்குதானே?

வாங்குவது ரொம்பச் சுலபம். விமானம் கிளம்புவதற்குப் பல நாள் முன்பே சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிடும். என் பெயர், பயணத் தேதி, கீழே பனிமூட்டத்தோடு ஒரு அடர்ந்த காடு. நிம்மதியை இவ்வளவு வேகமாக டெலிவரி செய்கிற வேறு சேவை எனக்குத் தெரியாது.

கணக்குதான் இடிக்கிறது. 1 கிலோ விமான எரிபொருள் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அது வேதியியல், அதில் பேரம் இல்லை. ஆனால் நான் எகானமியிலிருந்து பிசினஸுக்கு மாற்றிப் பார்த்தபோது, கட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த எண் அசையவே இல்லை. மற்றவர்களைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு படுத்துப் போகிறவருக்கும் அதே பங்குதானாம். விமானத்துக்குப் பின்னால் நீளும் வெள்ளைக் கோடுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. விமானத்துறையால் ஏற்படும் வெப்பமாதலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கோடுகள் போன்ற, கார்பன் டை ஆக்சைடு அல்லாத காரணங்களால் வருகிறது என்று 2021-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது.

சரி, அந்தக் காடாவது இருக்கிறதா? இருக்கலாம். ஆனால் யாரும் வெட்டப் போவதாகவே சொல்லாத மரத்தை வெட்டாமல் விட்டதற்கும் கார்பன் கிரெடிட், அதாவது ‘இவ்வளவு கார்பன் குறைந்தது’ என்று விற்கத்தக்க சான்று, தருகிறார்கள். இந்தச் சந்தையில் சான்று வழங்கும் பெரிய அமைப்பு வெர்ரா. அதன் மழைக்காட்டுக் கிரெடிட்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் காகிதக் கணக்கு என்று 2023 ஜனவரியில் ஒரு பத்திரிகைப் புலனாய்வு சொன்னது. வெர்ரா மறுத்தது. இன்னொரு சிக்கல் தீ. 2021-ல் அமெரிக்காவின் ஒரேகானில் எரிந்த பூட்லெக் காட்டுத்தீ, இப்படி விற்கப்பட்ட காடுகளையும் சேர்த்தே விழுங்கியது. விமானம் விட்ட கார்பன் பல நூற்றாண்டு வானத்தில் இருக்கும். மரத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

ஒருமுறை ஒரு பயணம் ரத்தானது. டிக்கெட் பணம் திரும்பி வந்தது, இலைப் பணம் வரவில்லை. கஸ்டமர் கேரில் கேட்டேன். ‘அந்தத் தொகை திட்டத்துக்குப் போய்விட்டது சார், சுற்றுச்சூழலுக்கு உங்கள் பங்களிப்புக்கு நன்றி’ என்றார் அந்தப் பெண். நான் பறக்காத விமானத்தின் கார்பனையும் ஈடுசெய்த பெருமை எனக்கு உண்டு.

விமான நிறுவனத்துக்கு இதில் என்ன செலவு? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே கதைதான். பயணி கொடுத்த காசு, விளம்பரத்தில் நிறுவனத்தின் பசுமைச் சாதனையாகிவிடும். நெதர்லாந்து விமான நிறுவனமான கேஎல்எம்மின் இந்த ரக விளம்பரங்கள் மக்களைத் தவறாக வழிநடத்தியவை என்று 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. சர்வதேச விமானங்களின் எரிபொருளுக்கோ இன்றுவரை பெரும்பாலும் வரியே கிடையாது. அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்ள இலை போதும்.

பொறுப்பை வாங்குகிறவர் தலையில் கட்டும் இந்த வித்தை எண்ணெய்க்காரர்களுக்குப் பழசு. எக்ஸானின் மேலிடத்துக்கு அவர்களுடைய சொந்த விஞ்ஞானியே 1977-ல், எண்ணெய் போன்றவற்றை எரிப்பது பூமியைச் சூடாக்கும் என்று விளக்கிவிட்டார். 2022-ல் அந்த நிறுவனத்தின் லாபம் சுமார் 5,570 கோடி டாலர். இன்னொரு எண்ணெய் நிறுவனமான பிபியோ 2000-களிலேயே ‘உங்கள் கார்பன் தடம் எவ்வளவு?’ என்று, நம் வாழ்க்கை வெளியிடும் கார்பனை நம்மிடமே கேட்டு, கால்குலேட்டரையும் கையில் கொடுத்தது. பிறகு 2023-ல், லாபம் கொழித்த கையோடு, உற்பத்தியைக் குறைப்பதாகச் சொன்ன தன் இலக்கையே தளர்த்திக்கொண்டது.

அதற்காக நிறுவனங்களை மட்டும் திட்டிவிட்டு நகரவும் முடியாது. 2018 நிலவரப்படி, உலக மக்களில் வெறும் 1 சதவீதத்தினர்தான் பயணிகள் விமானப் போக்குவரத்தின் உமிழ்வில் பாதிக்குக் காரணம் என்கிறது ஓர் ஆய்வு. அடிக்கடி பறக்கிற நாங்கள்தான் அது. எங்களுக்கு இந்த இலை பிடித்திருக்கிறது. வீடியோ அழைப்பில் அரை மணி நேரத்தில் முடிகிற பேச்சுக்கு நேரில் போய் வர, இலவச டிக்கெட்டுக்கான மைல்களும் சேர்த்துக்கொள்ள, மனசாட்சியிடம் அனுமதிச் சீட்டு கிடைக்கிறது. விற்கிறவருக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் திருப்தி. விமானத்தில் ஒருமுறைகூட ஏறாதவர்களை இந்த வியாபாரத்தில் யாரும் கேட்கவில்லை.

ஐந்துக்கு ஒன்று தருகிறேன், சான்றிதழ் வந்த வேகத்துக்காக. ரயிலில் போக முடிகிற இடத்துக்கு ரயிலில் போங்கள். அலுவலகச் செலவில் பறக்கிறவர்கள் அந்தப் பயணமே தேவையா என்று மேலாளரிடம் கேளுங்கள். நான் எங்கள் அலுவலகத்தில் கேட்டேன். பயணங்கள் குறையவில்லை. பயணக் கொள்கையில் மட்டும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: இனி எல்லா டிக்கெட்டிலும் பச்சை இலையை டிக் செய்வது கட்டாயம்.